ஓராள் படகு

என் படகை எரிக்கப் பார்த்தவர்கள் யாரும் அதற்குத் திட்டம் போடவில்லை. இன்றைக்கும் எனக்கு வயிறு எரிவது அதனால்தான். திட்டம் போட்டுச் செய்திருந்தால் இன்னார்தான் எதிரி என்று ஒருவரை வாயார ஏசிவிட்டு ஓய்ந்திருப்பேன். இவர்களோ என் நல்லதுக்கென்று செய்தார்கள். தட்டில் மஞ்சளும் பூவும் வெல்லமும் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு செய்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணையை மறித்து அணை கட்டி, முதல்முதலாகத் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். எங்கள் ஊர் தண்ணீருக்கு இந்தப் பக்கம். நான் படித்த உயர்நிலைப் பள்ளி அந்தப் பக்கம். அதுவரைக்கும் ஆற்று மணலில் இறங்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தால் முதல் மணிக்கு முன்னால் போய்விடலாம். நான் நாலாம் பாரம் சேர்ந்த வருடம் அந்த மணலும், கரையிலிருந்த மூங்கில் புதரும், ஏற்றக் கிணறுகளும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. கோடையில்கூட நடுவில் ஆள் நிலைக்காது. சாலை வழியாக அணையைச் சுற்றிப் போனால் உச்சிப்பொழுதாகிவிடும். அந்த அணையின் மதகுக்குப் பலகை அடித்த தச்சர்களில் என் அப்பாவும் ஒருவர். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஒரு பரிசல் இருந்தது. பரிசல்காரர் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனுஷர்தான், ஆனால் பரிசல் நிறையாமல் துடுப்பைத் தொடமாட்டார். பால்காரர் வர வேண்டும், சந்தைக்குப் போகிற கோழிக்கூடை வர வேண்டும், கடைசியாக யாராவது ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டு ஆடி அசைந்து வர வேண்டும். நான் கரையில் நின்று தவித்தால், "கொஞ்செம் ஆகம்மா" என்பார். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கரையில் மணி அடித்துவிடும்.

தாமதமாக வருகிறவர்களைத் தலைமை ஆசிரியர் வெயிலில் நிற்கவைப்பார். பையன்களைக் காதைத் திருகி உள்ளே அனுப்பிவிடுவார். என்னை மட்டும் கனிவாக விசாரிப்பார். "உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டமெல்லாம்? வீட்ல இருந்து அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணலாமே." எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். காதைத் திருகியிருந்தால்கூட எனக்கு அவர்மேல் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கோடை லீவுக்கு முன்னால் கூப்பிட்டு, பள்ளி திறக்கும் நாளில் முதல் மணிக்கு வந்து நின்றால் ஐந்தாம் பாரத்தில் சேர்ப்பதாகவும், அன்றைக்கும் தாமதம் என்றால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு வேறு பள்ளிக்கூடமும் கிடையாது. அன்றைக்குப் போய்ச் சேராவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது.

படகு யோசனை அப்பாவுடையது. அவர்மேல் கோபம் இருக்கிறது என்பதற்காக அதை மறைக்கமாட்டேன். அணை வேலைக்கு வந்திருந்த எஞ்சினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரில் சுற்றிவர ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். ஒரே ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும் அகலம். இரண்டு முனையும் கூர். துடுப்பு ஒன்றுதான், அதற்கு இரண்டு பக்கமும் அலகு. பாறையில் மோதி அதன் அடிவயிறு உடைந்தபோது செப்பனிட அப்பாவைக் கூப்பிட்டார்கள். உள்ளே பார்த்தால் பெரிய பலகையே இல்லையாம். விரல் அகலப் பட்டைகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து வளைத்தே முழுப் படகையும் செய்திருந்தார்களாம். அன்று சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கைவைக்காமல், "இது நம்மளால ஆவும்" என்றார்.

"எதுப்பா?" என்றேன்.

"ஒனக்கு ஒரு படவு. யாருக்காவவும் நீ காத்துக்கினு நிக்க வேணாம்."

அணைக்கு மெஷின்கள் வந்து இறங்கிய தேவதாருப் பெட்டிகளை உடைத்து முகாமில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பலகைகளை அப்பா கேட்டு வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். மாட்டுக்கொட்டகையில் பாதியை ஒழித்துக்கொண்டு, நெடுவாக்கில் அறுத்தோம். ரம்பத்தின் மேல்பிடி அப்பாவுக்கு, கீழ்ப்பிடி எனக்கு. ஓட்டுக்கூரைக்கு அடிக்கிற ரீப்பரைவிட மெல்லிசாகப் பட்டைகள் வந்தன. ஒவ்வொன்றையும் இழைப்புளியால் இழைத்து, இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்து, முரண்டு பிடிக்கிற இடத்தில் மறுபடி இழைப்பது என் வேலை. உள்ளங்கை முழுக்கச் சிலாம்பு ஏறியது. கதவுக்கும் பெட்டிக்கும் ஒட்டுகிற வஜ்ஜிரத்தைக் காய்ச்சித்தான் முதலில் ஒட்டிப் பார்த்தோம். ஒட்டிய துண்டை மாட்டுத் தொட்டியில் போட்டுவைத்தால் மறுநாள் பட்டை தனி, பசை தனி. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். பரிசலுக்குப் பூசுகிற தாரையும் துணியையும் வைத்து மேலே மூடிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

படகின் குறுக்குவெட்டுக்குத் தகுந்தபடி பலகைகளை வெட்டி வரிசையாக நிறுத்தினோம். அதுதான் அச்சு. அதன்மேல் பட்டைகளைச் சின்ன ஆணிகளால் அடித்துக்கொண்டே வந்தோம். கவிழ்ந்த நிலையில் அடிவயிறு மூடிவிட்டது. பக்கங்கள் பாதி ஏறியிருந்தன. மிச்சப் பட்டைகள் இழைத்து முடிந்து, சுவரோரம் கட்டாகச் சாய்ந்திருந்தன. லீவு தொடங்கிய கையோடு இவ்வளவும் ஆகிவிட்டது. போகவரக் கொட்டகைக்குள் நுழைந்து அதைத் தடவிப் பார்ப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அந்த லீவில் நான் வயசுக்கு வந்தேன்.

பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டித் தர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரைக்கும் பெண் அந்தக் குச்சுக்குள்தான் இருக்க வேண்டும். அவளை யாரும் தொடக் கூடாது, அவள் தொட்டதையும் தொடக் கூடாது. தண்ணீர் ஊற்றியதும் குச்சை ஓலையும் கம்புமாகக் கொளுத்திவிடுவார்கள். தீட்டு அதோடு போய்விடுமாம். ஓலையையும் கம்பையும் மாமன்தான் கொண்டுவர வேண்டும்.

என் ஒரே மாமன், அம்மாவின் தம்பி, பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பும் தென்னையும் வைத்திருந்தவர். சேதி கிடைத்ததும் வண்டி நிறையப் பச்சை ஓலையோடு வந்து இறங்கினார். கம்பு கொண்டுவரவில்லை. ஆற்றோரம்தான் மூங்கில் காடாகக் கிடக்கிறதே, வந்து வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். ஆற்றோரமே தண்ணீருக்குள் போய்விட்டதென்று ஊர் மொத்தமும் அழுதுகொண்டிருந்தது. அக்காள் வீட்டுக்கு வரப்போக இருந்த மனுஷருக்கு அது மண்டையில் ஏறவில்லை.

பொழுது சாய்வதற்குள் குச்சு நிற்க வேண்டும். என்னைக் கொட்டகைக்கு வெளியே ஒரு மூலையில் பாய் போட்டு, குறுக்கே உலக்கையைக் கிடத்தி உட்காரவைத்திருந்தார்கள். கம்பு தேடிக்கொண்டு மாமன் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"ஏக்கா, இவ்ளோ ரீப்பர வெச்சிக்கினு கம்புக்கு அலைய வுடற?" என்று அவர் குரல் கேட்டது.

"அது புள்ளைக்குப் படவு செய்ய வெச்சிருக்குதுடா" என்றாள் அம்மா.

"வயசுக்கு வந்த புள்ள இனிமே படவு ஏறி எங்க போவுது?"

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். "மாமா, அதத் தொடாதீங்க. அது என் படவு." சுற்றியிருந்த பெண்கள் உஷ் உஷ் என்று என்னை அடக்கினார்கள். சடங்குக்கு உட்கார்ந்தவள் மாமன் எதிரில் குரலை உயர்த்தக் கூடாதாம். அப்பா கொட்டகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, மாமனையும் பார்க்கவில்லை. கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரோரம் இருந்த கட்டு போதவில்லை. அச்சின்மேல் அடித்திருந்த பட்டைகளையும் மாமன் கடப்பாரையால் நெம்ப ஆரம்பித்தார். மரம் முனகுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அப்பா அசைந்தார். ஓடிப்போய்த் தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் பெட்டியைத் திறந்து ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்து மாமன் கையில் கொடுத்தார்.

"நெம்புனா ஒடிஞ்சிபூடும் மச்சான். இதுல புடுங்கு."

பட்டைமேல் இருந்த அக்கறையில்தான் அப்படிச் செய்தார் என்று அம்மா பிற்பாடு எத்தனையோ தடவை அவருக்காக வாதாடியிருக்கிறாள். இருக்கலாம். மகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மனுஷருக்குக் குறடு எடுத்துக்கொடுக்க மட்டும் கை எப்படி வந்தது என்றுதான் நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். மாமன் மரியாதை, நல்ல காரியத்தில் மனக்கசப்பு கூடாது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கோபம் குறையவில்லை.

பட்டைகள் அழகாக வளைந்தன. "என்னாமா வளையுது பாரு" என்று மாமன் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வளைய வேண்டும் என்றுதானே அப்படி இழைத்தோம். கூண்டு வண்டி மாதிரி ஒரு குச்சு நின்றது. அதன்மேல் பச்சை ஓலையைப் போர்த்தி, என்னை உள்ளே போகச் சொன்னார்கள். போனேன். அன்றைக்கு எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே என் படகு. எந்தப் பட்டையில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது, எதில் இழைப்புளி தவறிப் பள்ளம் ஆனது, எல்லாம் எனக்கு அத்துப்படி. முன்முனைக்கென்று சரிவாகச் சீவி வைத்திருந்த நீளப் பட்டைகளை மாமன் வாசல் வைப்பதற்காகக் குறுக்கே வெட்டியிருந்தார். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். பெண்கள் உளுந்தங்களியைத் தள்ளி வைத்துவிட்டு, "தங்கமாட்டம் ஆயிட்டா பாரு" என்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். அந்தக் களியைத் தூக்கி முகத்தில் அடிக்கலாம் போல இருக்கும். அடிக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். நல்லெண்ணெயைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அப்பா தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது குச்சுக்கு எட்ட நின்று, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்பார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

தண்ணீர் ஊற்றும் நாளும் வந்தது. பந்தல் கொள்ளாத உறவுக்காரர்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாயசம் கொதிக்கிற வாசனை வந்தது. மாமன் புது வேட்டியில், கையில் தீப்பெட்டியும் வைக்கோல் பிரியுமாகத் தயாராக நின்றார். அத்தைமார் வாசலுக்கு வந்து, "வெளிய வாம்மா, நல்ல நேரம் போவுது" என்று கூப்பிட்டார்கள்.

"பட்டையெல்லாம் அவுத்துக் கொட்டாயில வையுங்க. அப்பதான் வருவேன்" என்றேன்.

முதலில் சிரித்தார்கள். இரண்டாவது தடவை சொன்னபோது சிரிப்பு நின்றது. மாமன் வெளியிலிருந்து அதட்டினார். அம்மா அழுகிற குரலில் கெஞ்சினாள். "தீட்டுப்பட்ட கட்டைம்மா அது. அத இனிமே யாரு தொடுவாங்க?"

"நான் தொடுவேன். நான்தான் தீட்டாச்சே" என்றேன்.

வீம்புக்குச் சொன்னதுதான். வாயை விட்டு வந்த பிறகுதான் அதில் ஒரு வழி இருப்பது தெரிந்தது. தண்ணீர் ஊற்றும்வரைக்கும் என்னை ஒருவரும் தொட முடியாது. தொட முடியாதவளைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. உள்ளே இருந்தபடியே கயிற்றுக் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஓலை மொத்தமும் தலைமேல் சரிந்தது. அதை உதறிவிட்டு எழுந்தபோது பந்தலில் இருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். தவில்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று புரியாமல் கொஞ்சநேரம் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

தோளில் கொள்கிற அளவுக்குப் பட்டைகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வைத்துவிட்டு மறுபடி வந்தேன். மாமன் குறுக்கே வந்து நின்றார்.

"போடு கீழ. அத எரிக்கணும்."

"வழி வுடுங்க மாமா. மேல பட்டுடும்."

நகரவில்லை. நானும் நிற்கவில்லை. பட்டையின் முனை அவருடைய வேட்டிக்குக் கிட்டத்தில் போனதும் துள்ளி விலகினார். அத்தனை பெரிய மனுஷர் அப்படித் துள்ளியதில் எனக்கு உண்டான ஆனந்தம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கடைசிப் பட்டையையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மணையில் உட்கார்ந்து, "ஊத்துங்க" என்றேன். ஊற்றினார்கள். வெறும் ஓலையை மட்டும் கொளுத்தினார்கள். பச்சை ஓலை எரியாமல் புகைந்து பந்தல் முழுக்க எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். மாமன் இலையில் உட்காராமல் வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

எனக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்துவிட்டார்கள். பட்டைகளுக்கு யார் கழிப்பது? அவை தீட்டாகவே கிடந்தன. அப்பாவிடம் போய், "அச்சுல அடிக்கலாமாப்பா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தச்சு வேலை அவருக்குத்தானே தெரியும்.

"அதத் தொட்டுட்டு நான் ஆயுதத்தத் தொட முடியாது கண்ணு" என்றார். பூசை போடுகிற ஆயுதம், சோறு போடுகிற ஆயுதம் என்று என்னென்னவோ சொன்னார். பிறகு அலகு சிதைந்த ஒரு பழைய இழைப்புளியையும் பிடி ஆடுகிற ஒரு சுத்தியையும் தரையில் வைத்து, காலால் என் பக்கம் தள்ளினார். "இது ரெண்டும் ஒன்னுதாவே இருக்கட்டும்."

ஆக, நானே அடித்தேன். ஆணி வளைந்தால் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தி, மறுபடி அடித்தேன். வேலை முடிந்து வந்ததும் அப்பா கொட்டகை வாசலில் வந்து நிற்பார். நான் ஏதாவது தப்பாக வைத்தால் தொண்டையைச் செருமுவார். செருமினால் பட்டை நேராகிவிடுமா? ஒருநாள் திரும்பி, "சொல்றதா இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க, இல்லன்னா போங்க" என்றேன். வெட்டுப்பட்ட பட்டைகளை வைத்துக்கொண்டு படகின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று வாயைத் திறந்து சொன்னார். அது எனக்கே தெரிந்திருந்தது. அம்மா ஒருநாள் பேசாமலே தன் பழைய சீலைகளைக் கொண்டுவந்து தூரத்திலிருந்து கொட்டகைக்குள் எறிந்துவிட்டுப் போனாள். ஓட்டைப் பானையில் தாரைக் காய்ச்சி அவற்றை ஒட்டினேன். மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தடித்துத் துடுப்பும் செய்துகொண்டேன். புறங்கையில் தார் தெறித்து வெந்த வடு இன்றும் இருக்கிறது.

பார்க்கச் சகிக்காத படகு அது. முன்பக்கம் கூர், பின்பக்கம் மொண்ணை, இடப்பக்கம் கொஞ்சம் சாயும். எஞ்சினியருடையதற்குப் பக்கத்தில் வைத்தால் நாணிப்போகும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தொட்டித் தண்ணீரை மொண்டு உள்ளே ஊற்றிப் பார்த்தேன். ஒழுகவில்லை.

பள்ளி திறக்கிற அன்று காலையில் அதை முதுகில் கவிழ்த்துக்கொண்டு தெரு வழியாகப் போனேன். முதுகு வலித்ததும் இறக்கி இழுத்தேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. ஒருவரும் தடுக்கவும் இல்லை, வழியை விட்டு ஒதுங்கி நின்றார்கள். அப்பா எனக்குப் பின்னால் சற்று தள்ளி நடந்து வந்தார். தண்ணீரில் இறக்கி ஏறப்போனபோது படகு ஒரு பக்கம் சாய்ந்து என்னைத் தண்ணீரில் தள்ளியது. எழுந்து மறுபடி ஏறப்போனேன். பிடித்துக்கொள்வதற்காக அப்பா குனிந்து கையை நீட்டினார். விளிம்புக்குக் கிட்டே வந்த கை அப்படியே நின்றது. பிறகு அதை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், தொடாத கையை.

நான் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். துடுப்பை எடுத்தேன்.

"சாயங்காலம் காத்தடிச்சா ஏறாத கண்ணு" என்றார். "அங்கியே இரு. நான் வந்து கூட்டியாறேன்."

"எதுலப்பா வருவீங்க?" என்றேன்.

அவர் படகைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். துடுப்பைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனேன். முதல் மணி அடித்தபோது ஈரப் பாவாடையோடு தலைமை ஆசிரியர் எதிரில் நின்றிருந்தேன். அவர் ஐந்தாம் பாரத்தில் என் பேரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் காற்று பலமாக அடித்தது. நானே வந்தேன்.